குனிந்த முதுகு, கிடந்த முதுகு

ஆனி, ஆடி மாதங்களில் திருவையாற்றிலிருந்து பாபநாசம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலோரம் இடம் பிடிக்க முண்டியடிப்பார்கள். காரணம் காற்று மட்டுமல்ல. வாய்க்காலில் தண்ணீர் ஓடும். சேறடித்த வயல்கள் கண்ணாடி மாதிரி பளபளக்கும். நடுவிலே பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள். யந்திர நடவும் நேரடி விதைப்பும் வந்து அந்த வரிசைகள் இப்போது குறைந்துவிட்டன என்றாலும், அடியோடு மறைந்துவிடவில்லை. பார்க்கிறவர்கள் பச்சையைப் பற்றிப் பேசுவார்கள். கவிஞர்களும் பச்சையைப் பற்றித்தான் பாடியிருக்கிறார்கள். அந்த வரிசையில் வானத்தைப் பார்த்தபடி இருப்பது முழுக்க முழுக்க முதுகுகள் என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

நான் இன்று எழுத வந்தது அந்த முதுகைப் பற்றி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், முதுகின் அடிப்பகுதியிலே, புடவைக் கொசுவத்தைச் செருகும் இடத்துக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் தோலைப் பற்றி.

இவ்வளவு சின்ன இடத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். படுத்த படுக்கையாக ஒரு பெரியவரை வைத்துப் பராமரித்த வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள். அந்த உள்ளங்கை அகலம் எத்தனை இரவுத் தூக்கத்தைத் தின்றது என்று அவர்கள் சொல்வார்கள்.

முதலில் வயலுக்கே போவோம். ஒரு நடவாள் காலையில் இறங்கினால், இடது கையில் நாற்றுமுடியும் வலது கையில் விரல் வேலையுமாகப் பின்னால் நகர்ந்துகொண்டே போகிறாள். கால் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைக்கப்படுகிறது. கையும் காலும் ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை. முதுகு மட்டும் வளைந்தது வளைந்தபடி இருக்கிறது. இடுப்பு வலிக்கும், வாஸ்தவம். சாயங்காலம் தைலம் தேய்க்காத நடவாள் உண்டா? ஆனால் அந்த முதுகுத் தோலுக்கு ஒன்றும் ஆவதில்லை. நாற்பது வருஷம் வெயிலில் காய்ந்தாலும் அது கறுக்குமே தவிர அழுகாது.

கையும் காலும் வேலை செய்யத் தொடங்கியதும் முதுகுத் தோலிலே என்ன நடக்கிறது என்பது வேடிக்கையான சங்கதி. ரத்தம் உடனே அங்கே பாய்ந்து வரும் என்றுதானே நினைப்போம்? இல்லை. முதல் சில நிமிஷங்களில் தோலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வேலை செய்யும் தசைகள் ரத்தம் கேட்கின்றன. உடம்பின் நரம்புகள் தோலில் உள்ள மெல்லிய குழாய்களைச் சற்றே இறுக்கி, அங்கே போவதைத் தசைகளுக்குத் திருப்பி விடுகின்றன. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் இது முறைப் பாசனம். ஒரு மதகைத் தாழ்த்தினால்தான் இன்னொரு வாய்க்காலுக்கு ஏறும்.

வேலை தொடரத் தொடர உடம்பு சூடாகிறது. அப்போது கதை திரும்புகிறது. உள்ளே சேரும் சூட்டை வெளியே தள்ளியாக வேண்டும். அதற்கு இருக்கும் வழி தோல்தான். இறுக்கிய மதகுகள் திறக்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பின் தோல் முழுவதற்கும் சேர்த்து நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு உட்பட்ட ரத்தம் போனால் போதும். கடும் உஷ்ணத்தில் இது 6, 7 லிட்டர் வரைகூட ஏறும் என்று கண்டிருக்கிறார்கள். அதாவது ஓய்வாக இருக்கும்போது இருதயம் மொத்தமாக இறைக்கும் ரத்தத்தைவிட அதிகம், தோலுக்கு மட்டுமே! நடவாளின் முதுகில் வியர்வை ஓடுகிறதே, அதற்கு அடியிலே இத்தனை பெரிய வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் எப்படி அளந்தார்கள் என்று கேட்கலாம். 1975-ல் மைக்கேல் ஸ்டெர்ன் என்பவர் ஓர் உபாயம் சொன்னார். லேசர் ஒளியைத் தோல்மீது விழவிட்டால், உள்ளே ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளி இம்மியளவு மாறித் திரும்புகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு ஓட்டத்தைக் கணக்கிடலாம். ஊசி இல்லை, கத்தி இல்லை. அதற்குப் பிறகுதான் முதுகு, குதிகால் என்று எந்த இடத்துத் தோலையும் தொட்டும் தொடாமலும் ஆராய முடிந்தது.

ஆக, குனிந்த முதுகுக்கு இரண்டு பாக்கியங்கள். ஒன்று, கையும் காலும் ஓடி உழைத்து அதற்கு ரத்தம் அனுப்புகின்றன. இரண்டாவது இன்னும் முக்கியம்: அதன்மேல் எதுவும் அழுத்துவதில்லை. காற்றும் வெயிலும்தான் அதன்மேல் இருக்கின்றன.

இனி அதே முதுகைக் கீழே கிடத்துவோம்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர்கள் பெயரும் ஊர் பெயரும் வேண்டாம். சிறு வயதிலிருந்து நடவுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாளுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு தெளிவாக இருக்கிறது, புத்தியும் தெளிவு. கூடத்தில் கோரைப்பாய் விரித்து, அதன்மேல் பழம்புடவையை நாலாக மடித்துப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நான் போனபோது படுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. முதுகின் அடியில் எட்டணாக் காசு அளவுக்கு ஒரு புண்.

மருமகள் குறை வைக்கிறவள் அல்ல. காலையில் உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, தலை வாரிவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் வயலுக்குப் போகிறாள். யாரோ சொன்னார்கள் என்று வாழை இலையும் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"சூட்டுனால வந்ததுன்னு சொல்றாங்க அண்ணே. படுத்தே கிடந்தா வரத்தானே செய்யும்?" என்றாள்.

சூட்டினால் வருவதில்லை. படுத்தே கிடந்தால் வந்தே தீரும் என்பதும் இல்லை. இந்த இரண்டும் நம் வீடுகளில் ஊறிப் போன நம்பிக்கைகள் என்பதால்தான் இத்தனை விஸ்தாரமாக எழுத வேண்டியிருக்கிறது.

தோலுக்கு உணவு கொடுப்பவை மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய ரத்தக் குழாய்கள். நுண்குழாய்கள் என்கிறார்கள். ஒரு சிவப்பணு உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் அதற்குள் நுழைந்து போக முடியும். இந்தக் குழாய்களின் ஓட்டத்தை உடம்பு எப்படித் தேவைக்கேற்பக் கட்டுப்படுத்துகிறது என்று கண்டதற்காக டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் குரோ 1920-ல் நோபல் பரிசு பெற்றார். 1930-ல் யூஜின் லாண்டிஸ் என்ற அமெரிக்கர் இன்னும் ஒரு படி மேலே போய், மனிதரின் விரல் நகத்தோரத்தில் உள்ள நுண்குழாயிலேயே மிக மெல்லிய கண்ணாடிக் குழலைச் செருகி அதன் அழுத்தத்தை அளந்தார். ரத்தம் நுழையும் முனையில் சுமார் 32 என்று வந்தது. டாக்டர் கையில் பட்டை கட்டி 120, 130 என்று சொல்கிறாரே, அதே அளவையில்தான் இந்த 32-ம்.

முப்பத்திரண்டு என்பது பெரிய எண்ணல்ல. கட்டாந்தரையில் பாய் போட்டு மல்லாந்து படுத்தால், முதுகுத் தண்டின் அடியில் உள்ள முக்கோண எலும்பு தரையை அழுத்தும் வேகம் அதைத் தாண்டிவிடும். அங்கே சதை மெத்தை கிடையாது. தோல், அதன் கீழே எலும்பு, அவ்வளவுதான். மேலே எலும்பு, கீழே தரை, நடுவிலே அந்த உள்ளங்கை அகலத் தோல். குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. இருதயம் நன்றாகத்தான் இறைக்கிறது. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை.

நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களே பார்க்கலாம். சப்பணமிட்டு அரை மணி உட்கார்ந்து எழுந்திருங்கள். கணுக்காலின் வெளிப்பக்கம் தரையில் பட்ட இடம் முதலில் வெளுத்து, பிறகு சிவந்து சூடாகும். பட்டினி கிடந்த தோலுக்கு உடம்பு வட்டியும் முதலுமாக ரத்தம் அனுப்புகிறது. சற்று நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். நாம் கறுத்த தேகமாக இருந்தால் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, சூடு மட்டும் தொட்டால் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் பயன்படும்.

சரி, நாம் எல்லோரும் தினம் ஆறேழு மணி நேரம் படுத்துத்தானே தூங்குகிறோம்? நமக்கு ஏன் புண் வருவதில்லை?

இதற்குப் பதில் லண்டனில் 1961-ல் கிடைத்தது. எக்ஸ்டன்-ஸ்மித், ஷெர்வின் என்ற இருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த முதியவர்களின் கட்டிலில் ஒரு கருவியைப் பொருத்தி, இரவு தூக்கத்தில் அவர்கள் எத்தனை முறை அசைகிறார்கள் என்று எண்ணினார்கள். வேறு வைத்தியம் ஒன்றும் இல்லை, வெறும் கணக்கு. இரவில் ஐம்பது தடவைக்கு மேல் அசைந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் படுக்கைப்புண் வரவில்லை. இருபது தடவையோ அதற்குக் குறைவாகவோ அசைந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வந்தது!

நாம் தூக்கத்தில் காலை நீட்டுகிறோம், கையைத் தலைக்கடியில் கொடுக்கிறோம், பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைமீது காலைப் போட்டு அதன் தாயிடம் திட்டு வாங்குகிறோம். அந்த ஒவ்வோர் அசைவிலும் இடுப்பு ஒரு விரற்கடை நகர்கிறது, நசுங்கியிருந்த குழாய்கள் திறக்கின்றன, ரத்தம் ஓடுகிறது. இத்தனையும் நமக்குத் தெரியாமல் நடக்கிறது. தோல் வலிக்கிறது என்று நரம்பு சொல்ல, மூளை தூக்கத்திலேயே காலுக்கு உத்தரவு போடுகிறது. பக்கவாதத்தில் அந்த உத்தரவு போய்ச் சேருவதில்லை. முதுகுத் தண்டில் அடிபட்டவருக்கு 'வலிக்கிறது' என்ற செய்தியே மேலே வருவதில்லை. வெகுநாள் சர்க்கரை வியாதி உள்ளவருக்கு இரண்டிலும் பாதிப் பாதி. மிகவும் தளர்ந்த கிழவருக்கு எல்லாம் சரியாக இருந்தும் புரளத் தெம்பில்லை.

இந்த அசைவை வெளியிலிருந்து நாம் கொடுக்கலாமே என்று கண்டிப்பாக நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் லுட்விக் குட்மன். ஜெர்மனியிலிருந்து ஹிட்லருக்குத் தப்பி 1939-ல் இங்கிலாந்து வந்த யூத டாக்டர். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊர் ஆஸ்பத்திரியில், முதுகுத் தண்டு முறிந்த சிப்பாய்களுக்கென்று ஒரு பிரிவை அவர் பொறுப்பில் விட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படி அடிபட்டவர்கள் பெரும்பாலும் படுக்கைப்புண்ணாலும் சிறுநீரக நோயாலும் இறந்தார்கள். குட்மன் போட்ட சட்டம் எளிமையானது: இரவானாலும் பகலானாலும் இரண்டு மணிக்கு ஒரு தரம் நோயாளியைத் திருப்பிப் படுக்க வை. பிழைத்தவர்களை அவர் விளையாடவே வைத்துவிட்டார். 1948-ல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வில் வித்தைப் போட்டி நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் பந்தயங்களுக்கு அதுதான் விதை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் வேலூருக்கே வாருங்கள். கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இளம் டாக்டராக இருந்தபோது 1954-ல் மோட்டார் விபத்தில் முதுகுத் தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனார். அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு வைத்தியம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் முடங்கியவர்களைத் தங்க வைத்துப் பழக்கும் நிலையம் அவர் முயற்சியால் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. உட்கார்ந்தே வாழ்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட நிலையங்களில் முதலில் கற்றுக் கொடுக்கும் பாடங்களில் ஒன்று, நாற்காலியின் கைகளை ஊன்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது. கை செய்யும் வேலைக்குக் கூலி வாங்குவது உட்காரும் இடத்துத் தோல்.

இதிலும் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. அரை நிமிஷம் தூக்கினால் போதும் என்று வெகு காலம் சொல்லி வந்தார்கள். 2003-ல் வெளியான இங்கிலாந்து ஆராய்ச்சி ஒன்றில் அளந்து பார்த்தபோது, நசுங்கிய தோலுக்குப் பிராணவாயு முழுசாகத் திரும்ப ஏறக்குறைய இரண்டு நிமிஷம் ஆகிறது என்று தெரிந்தது. இரண்டு நிமிஷம் கையை ஊன்றித் தொங்க பயில்வானால்கூட முடியாது. ஆகவே முன்னால் குனிந்து முழங்கால்மேல் சாய்ந்துகொள், அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து இரு என்கிறார்கள். அவசரமாக நூறு தடவை எம்பிக் குதிப்பதைவிட, நிதானமாக நாலு தடவை இடம் கொடுப்பது மேல்.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் வரும். படுத்திருப்பவரின் கையையும் காலையும் நாமே பிடித்து மடக்கி நீட்டினால் போதாதா, ரத்தம் ஓடாதா? செய்ய வேண்டிய காரியம்தான். ஒருவர் காலை மற்றவர் பிடித்து ஆட்டினாலும் அந்தக் காலுக்குள் ரத்த ஓட்டம் கூடுகிறது. மூட்டு இறுகிப் போகாது. முழங்கால் மடங்கியபடியே இறுகிவிட்டால் பிறகு புரட்டுவதே கஷ்டம் என்பதால் இதைத் தினமும் செய்வது நல்லது. ஆனால் காலில் கூடிய ஓட்டம் முதுகடியில் நசுங்கிக் கிடக்கும் குழாயைத் திறந்துவிடாது. மதகின்மேல் பாறாங்கல் கிடக்கும்போது ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தால்தான் என்ன? கல்லை நகர்த்தும் அசைவு எதுவோ அதுதான் முதுகுக்கு மருந்து.

கிராமத்து வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே இருந்த சிக்கல் ஞானத்தில் இல்லை, கூலியில் இருந்தது. இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்ப வேண்டுமென்றால் மருமகள் வயலுக்குப் போக முடியாது. நடவு என்பது வருஷம் பூராவும் கிடைக்கிற வேலையா? அந்தச் சில வாரம் விட்டால் விட்டதுதான். மகனுக்குக் கும்பகோணத்தில் லோடு ஏற்றும் வேலை; பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். காலை எட்டு மணி முதல் மாலை நாலு வரை அந்த அம்மாளும் ஒரு சுவர்க் கடிகாரமும்தான் கூடத்தில். புத்தகத்தில் இரண்டு மணி என்று எழுதுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. தெரிந்தாலும் எழுதுவதில்லை.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று ஒரு திட்டம் தொடங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரையோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸும், உடற்பயிற்சி சொல்லித்தரும் இயன்முறை மருத்துவரும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைத்ததன் பேரில் இந்த வீட்டுக்கும் வந்தார்கள். வந்த பெண் முதலில் புண்ணைப் பார்க்கவில்லை. கிழவியின் வலது கையைப் பிடித்து, "எங்கே பாட்டி, என் கையை இழுங்க, பார்ப்போம்" என்றாளாம். கிழவி இழுத்த இழுப்பில் அவளே தடுமாறிவிட்டாள்.

"நாத்துப் பறிச்ச கை தம்பி இது" என்று கிழவி என்னிடமும் அந்தக் கையை நீட்டிக் காட்டினாள்.

பாயிலிருந்து கட்டிலுக்கு மாற்றினார்கள். மேலே உத்தரத்திலிருந்து ஒரு தடித்த கயிறு, பிடிக்க வாகாக முடிச்சுப் போட்டு, நெஞ்சுக்கு நேரே தொங்கவிட்டார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தால் உடம்பு ஒருக்களிக்கும். பின்னால் தலையணையை முட்டுக் கொடுத்தால் அப்படியே நிற்கும். அது தவிர இன்னொரு வித்தை. நல்ல காலை மடக்கிப் பாதத்தைக் கட்டிலில் ஊன்றி, இடுப்பை நாலு விரற்கடை மேலே தூக்குவது. வீட்டில் ஆள் இருக்கும்போது விழுந்த காலையும் அதே மாதிரி மடக்கிப் பிடித்துக்கொண்டால் இரண்டு காலாலும் தூக்கலாம். இழுபடக் கூடாது, தூக்கத்தான் வேண்டும். இழுத்தால் தோல் ஓரிடத்திலும் எலும்பு ஓரிடத்திலுமாகப் போய்க் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும்.

நேரத்துக்கு? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் அலுத்துவிடுகிறது என்றாள் கிழவி. தெருமுனையில் மினி பஸ் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் மாறிக்கொள்வதென்று அவளே வைத்துக்கொண்டாள். பஸ் வராத நாளில் என்ன செய்வாய் என்று கேட்டேன். "வையிறதுக்கு ரெண்டு தடவ புரளுவேன்" என்றாள்.

மதியம் ஒரு தரம் மட்டும் எதிர்வீட்டுப் பெண் வந்து பார்த்து, துணி நனைந்திருந்தால் மாற்றிவிட்டுப் போகிறாள். ஈரம் தோலை ஊறவைத்து இளக்கிவிடும். அதற்காக ரப்பர் ஷீட்டை முதுகுக்கு நேரடியாகப் போட்டால் வியர்த்து அதுவும் ஈரமே. மேலே பருத்தித் துணி வேண்டும், அதிலும் மடிப்பும் தையலும் இடுப்புக்கடியில் வரக் கூடாது. வாழை இலை வழுவழுப்பாக, ஒட்டாமல், குளுமையாக இருக்கும் என்பது சரிதான். ஆனால் இலைமேல் படுத்தாலும் எடை குறைந்துவிடாது.

ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது நேர் பக்கவாட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். இடுப்பெலும்பின் முனை அழுந்தி அங்கே புதுப் புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, கால்வாசி சாய்ந்தாற்போல் இருந்தால் போதும். குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக் காலுக்கு அடியில் ஒரு தலையணை. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தைக் கடையில் விற்பார்கள். வாங்காதீர்கள், புண்ணைச் சுற்றி வளையமாக அழுத்தி, வருகிற ரத்தத்தையும் நிறுத்திவிடும். காற்று மெத்தை வாங்க முடிந்தால் நல்லதே. மெத்தை வந்துவிட்டதென்று திருப்புவதை நிறுத்தக் கூடாது. நல்ல மெத்தை இருந்தால் இரண்டு மணி என்பதைச் சற்று நீட்டலாமா என்பது டாக்டரோ நர்ஸோ தோலைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

ரத்தம் ஓடட்டும் என்று சிவந்த இடத்தை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஏற்கனவே பட்டினியில் நைந்து போன குழாய்களைக் கசக்குவதுதான் அது. மற்ற இடத்துக்கு மெதுவாக எண்ணெய் தடவுங்கள், எலும்புக்கு மேலே சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். வெந்நீர் ஒத்தடமும் கூடாது. உணர்வில்லாத தோல் வெந்து போனாலும் அவருக்குத் தெரியாது.

காலையும் மாலையும் முதுகடியை வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம்மவர்களின் கறுத்த தோலில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். கணுக்காலைத் தொட்டுப் பார்த்தோமே, அதே மாதிரி கையால் தொட்டுப் பாருங்கள்: பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, ஜில்லென்றோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ, அதிகம் கறுத்தோ இருந்தால் அதுதான் சிவப்பு. வெளியே காசு அளவாகத் தெரிவது உள்ளே எலும்பருகில் கிண்ணம் அளவுக்கு இருக்கலாம். கருமையான பொருக்கு, நாற்றம், சீழ், ஜுரம் இவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். புண் ஆற வேண்டுமானால் தோல் கட்டச் சாமானும் வேண்டும். கஞ்சி மட்டும் போதாது. முட்டை, மீன், பருப்பு, சைவக்காரர்களுக்குத் தயிர், பயறு ஏதாவது தினம் சேர வேண்டும்.

படுக்கையில் இல்லாத ஒரு பெரியவரையும் சொல்லிவிடுகிறேன். திண்ணையில் ஈசிசேரில் காலையில் பேப்பரோடு சாய்ந்தவர், சாப்பாட்டுக்கு எழுந்து, திரும்பவும் சாய்ந்து, விளக்கு வைக்கும் வரை அதிலேயே இருப்பார். கித்தான் துணி தொய்ந்து, உடம்பு சரிந்து, எடை முழுக்க அதே முக்கோண எலும்பின்மேல் விழுகிறது. நடக்கத் தெம்புள்ளவராக இருந்தால் மணிக்கு ஒரு தரம் வாசல் வரை போய்வரச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

நான் இரண்டாவது முறை அந்தக் கிராமத்துக்குப் போனபோது புண் பாதியாகச் சுருங்கி, ஓரங்களில் புதுத்தோல் இளஞ்சிவப்பாகக் கட்டியிருந்தது. நர்ஸ் வாரம் ஒரு முறை கட்டு மாற்றி வருகிறாள். முழுசாக ஆற இன்னும் சில வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறாளாம். பகல் ஒருவாறு ஓடுகிறது. ராத்திரிதான் தகராறு. கிழவி தூங்கிவிட்டால் கயிறு வெறுமனே தொங்குகிறது. பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று மருமகளே எழுந்துகொண்டிருந்தாள். மறுநாள் வயலில் கண் சொருகியது. மகன் அசந்து தூங்குகிற ஆசாமி, லோடு தூக்கிய அலுப்பு. நர்ஸ் ஒரு நாள் அவனையே நேரில் பிடித்து, கைபேசியில் அலாரம் வைக்கச் சொல்லி, அம்மாவை எப்படித் திருப்புவதென்று அவன் கையாலேயே செய்து காட்ட வைத்தாள்.

பன்னிரண்டு மணி முறையும் நாலு மணி முறையும் இப்போது அவனுடையவை.